மாமா மூழ்கிய செவ்வாய்க்கிழமை

எக்குவா நாவல் எழுதுகிறவள். ஆனால் எங்கள் ஊரான மோரீயின் கடற்கரையில் மீனுக்குப் புகைபோட்டு விற்பதுதான் இன்றைக்கும் அவள் பிழைப்பு. நான் அவளுடைய தாய்மாமன் குவாமெனாவைக் கவனித்துக்கொள்ளும் தாதி. வாதத்தில் அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமாவை வைத்து எழுதிய நாவல் அச்சுக்குப் போகுமுன் அவருக்கே படித்துக் காட்டிவிட வேண்டும் என்று எக்குவா நினைத்தாள். ஊரார் வாய்வழியாக அது அவர் காதுக்குப் போகக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்றும் தீர்மானித்திருந்தாள். பல வருட உழைப்பு அது.

ஆங்கிலத்தில் எழுதியதை எங்கள் ஃபாந்தி மொழியில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். நான் அவருக்குப் புளித்த சோளமாவு உருண்டையான கென்கேயைப் பிட்டு ஊட்டிக்கொண்டே கேட்பேன். கதையில் வரும் மாமா ஒரு படகுக்காரர். குடிப்பார். இரண்டாம் மனைவியிடம் அகப்பையால் அடி வாங்குவார். அந்த இடத்தில் குவாமெனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அகப்பை இல்லடி, செருப்பு. எழுதறத ஒழுங்கா எழுது."

"கதைக்கு அகப்பைதான் நல்லா இருக்கு மாமா."

"அடி வாங்கினவன் நான். எதால அடிக்கணும்னு நீ சொல்றியா?"

அவர் சிரிக்கச் சிரிக்க அவளுக்குப் பதற்றம் கூடியது. உட்கார மாட்டாள். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே படிப்பாள், பக்கங்களைத் தாண்டுவாள், திரும்பி வருவாள்.

"ஒண்ணு உக்காரு, இல்ல வெளிய போ. மனுஷனுக்குத் தலை சுத்துது" என்றேன்.

"முடியல சிஸ்டர். அடுத்த அத்தியாயத்துல இவர் சாகறார்."

மறுநாள் அந்த அத்தியாயம். கதையில் மாமா ஒரு செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போய் மூழ்கிவிடுகிறார். எங்கள் கரையில் செவ்வாய் கடல் தேவதையின் நாள். வலையைச் சரிபார்க்கலாம், தூங்கலாம், சண்டை போடலாம். துடுப்பு நனையக் கூடாது.

குவாமெனா என் கையைத் தள்ளிவிட்டார். கென்கே தரையில் விழுந்தது.

"செவ்வாய்க்கிழமையா? நானா?"

"கதைதானே மாமா."

"செத்ததெல்லாம் சரி, எல்லாரும் சாகறவங்கதான். குடிச்சேன், செருப்படி வாங்கினேன், நடந்தது. ஆனா ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் கடல்ல கால் வச்சதில்ல. புதன்கிழமை முக்கு என்னை!"

"புதன்கிழமை போனா அது விபத்து. உங்களை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"யாரு சொல்லணும்?"

அவள் நடப்பதை நிறுத்தினாள். "நான்."

கட்டிலோரம் வந்து நின்றாள். "பள்ளிக்கூடத்துலேர்ந்து என்னை நிறுத்தி மீன் அடுப்புல உக்கார வச்சீங்க. உங்க பசங்க படிச்சாங்க. அதை நடந்தபடியே எழுதினேன். ஊர்ல நாலு பேருக்குப் படிக்கக் குடுத்துப் பார்த்தேன், யாருக்கும் கோவம் வரல. எந்த வீட்டுல பொண்ணைப் படிக்க வச்சாங்கன்னு கேட்டாங்க. செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனான்னு எழுதினாத்தான் இந்த ஊருக்கு உறைக்குது."

ரத்த அழுத்தம் பார்த்தேன். ஏறியிருந்தது. அவளை வெளியே போகச் சொன்னேன். வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை புகை நாற்றத்தோடு வந்தாள். அவர்தான் ஆரம்பித்தார்.

"இன்னும் அச்சுக்குக் குடுக்கலையா?"

"நீங்க சரின்னு சொல்லலையே மாமா."

"படகுக்கு என் படகு பேரையே வச்சிருக்க. அதை மாத்து. நம்ம ஆளுங்க இன்னும் அதுலதான் கடலுக்குப் போறாங்க. செவ்வாய்க்கிழமை போன படகுன்னு பேராச்சுன்னா துடுப்பு பிடிக்க ஒருத்தன் ஏறமாட்டான்."

"செவ்வாய்க்கிழமை?"

"இருக்கட்டும்."

என்னைப் பார்த்து முதுகு வலிக்கிறது என்றார். நான் அவரைச் சுவர்ப்பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தேன். எக்குவா அங்கேயே படகுக்கு வேறு பெயர் எழுதினாள், அடித்தாள், இன்னொன்று எழுதினாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்காமல் தாள்களைச் சுருட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.