என் குரலில் கூப்பிட்டவள்

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் என் குரல் மட்டும் வீட்டுக்கு வந்துபோகிறது என்பதை முதலில் சொன்னவள் அத்தைதான். அதை அவள் ஒரு புகாராகச் சொல்லவில்லை. சாயங்காலம் எனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "மத்தியானம் வந்து கூப்பிட்டியே, எதுக்குட்டி? எட்டிப் பாத்தா ஆளக் காணும்" என்று கேட்டாள். எனக்கு அப்போது பத்து வயது. மத்தியானம் நான் கணக்கு டீச்சரின் மேஜைக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அடி வாங்கியதை வீட்டில் சொல்ல விருப்பமில்லாததால், நான் வரவே இல்லை என்று மட்டும் சொன்னேன். அத்தை சிரித்தாள். நான் விளையாடுவதாக நினைத்துக்கொண்டாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மாமா இறந்துபோக, பிள்ளை இல்லாமல் ஊரில் தனியாக நின்றவளை அப்பா தாராவிக்கு அழைத்து வந்துவிட்டார். எங்களுக்கு மாடியில் ஒரே அறை. சந்திலிருந்து வாசலுக்கு ஏற ஒரு செங்குத்தான இரும்பு ஏணி. வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் அரைக்கும் கார்கானா ஒன்றில் அத்தைக்கு வேலை. உடைந்த வாளிகளையும் நாற்காலிகளையும் மிஷினின் வாயில் தள்ள வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். வருஷங்கள் போகப் போக, மிஷின் நின்ற பிறகும் அத்தை எங்கள் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு காது மந்தம் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

வீட்டிலே கொஞ்ச நாள் எல்லோரும் அவளிடம் கத்திப் பேசினோம். ஒன்றையே திரும்பத் திரும்பக் கத்துவதைவிடச் சொல்லாமலே இருந்துவிடுவது எளிது என்பதைப் பிறகு ஒவ்வொருவராகக் கண்டுகொண்டோம். அம்மா செம்பூரில் சமையல் வேலைக்குப் போவாள். அப்பாவுக்கு வாஷி மார்க்கெட்டில் வேலை. பகல் முழுக்க அத்தை அந்த அறையில் தனியாக இருந்தாள். அந்தப் பகலில்தான் என் குரல் வந்தது.

ஒருநாள் அம்மா வேலை சீக்கிரம் முடிந்து வந்தபோது, வாசல் பக்கத்தில் ஒரு தட்டில் சோறு இருந்தது. பருப்பு விட்டுப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து வைத்திருந்தது. தட்டுக்கு எதிரில் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கு மைனி இது?" என்று அம்மா கத்தினாள்.

"பிள்ள பசின்னு கூப்பிட்டா. உருட்டி வச்சேன். வரக் காணும்."

அம்மா உடனே செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வியர்வை வழிந்தது. பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தால் எல்லாத் தாய்க்கும் நிம்மதி வரும். அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் பயமே வந்தது.

எதிர்வீட்டில் தூத்துக்குடிக்காரப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவள். விஷயம் கேள்விப்பட்டு வந்து அத்தையின் தலையில் கை வைத்து ஜெபித்தாள். போகும்போது, "பயப்படாத. ஆண்டவர் சிலரக் கூப்பிடும்போது இப்படித்தான் தெரிஞ்ச குரல்ல கூப்பிடுவாரு" என்றாள்.

"அவரு கூப்பிடணும்னா சொந்தக் குரல்ல கூப்பிடட்டுமே! எம்மவ குரல் எதுக்கு?" என்றாள் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை எங்களை அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அருள் வந்து ஆடுகிறவர் மற்ற நாட்களில் இட்லிக் கடை வைத்திருப்பவர். என்னைப் பார்த்தால் எப்போதும் கன்னத்தைக் கிள்ளுவார். அன்றைக்கு அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. சிவந்த கண்ணோடு என் நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசி, யாரோ ஒருவரின் கனத்த குரலில் சொன்னார்: "குரல எடுத்திருக்கு. விட்டா ஆள எடுக்கும். பதில் சொல்லாத வரைக்கும் அது வாசல் தாண்டாது."

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. என் கையில் கறுப்புக் கயிறு ஏறியது. நான் அத்தையை வாய்விட்டுக் கூப்பிடக் கூடாது. கிட்டே போய்த் தொட வேண்டும். என் குரல் கேட்டால் அத்தை திரும்பக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, ம் என்றுகூடச் சொல்லக் கூடாது. அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் அந்த வீட்டில் எதற்குமே மறுத்துப் பேசியதில்லை.

லீவு நாட்களில் நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கீரை ஆய்ந்துகொண்டிருப்பவளின் கை திடீரென்று நிற்கும். முகம் வாசலை நோக்கிக் கொஞ்சம் திரும்பும், உடனே இழுத்துக்கொண்டதுபோல் திரும்பி வரும். கதவு நிலையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்வாள். கண் நிறைந்துவிடும். சந்தில் தண்ணீர் பிடிக்கிறவர்களின் இரைச்சலும் எங்கோ ஓடும் தையல் மிஷினும்தான் எனக்குக் கேட்கும். ஒருநாள் அவள் தோளைத் தொட்டு, "கூப்பிடுதா?" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் நானே உட்கார்ந்திருக்க, வெளியிலிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகெல்லாம் கூசியது. வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. நான் அங்கே நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது?

மழைக்காலம் வந்தது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகச் சொல்லி ஒருநாள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள். நனைந்துகொண்டே வந்து ஏணியில் ஏறினேன். மேலே வரும்போது செருப்பு வழுக்கி, ஒரு கால் இரண்டு படிகளுக்கு நடுவே புகுந்து மாட்டிக்கொண்டது. உடம்பு பின்பக்கம் சாய்ந்தது. காலுக்குள் ஏதோ முறிவது எனக்கே கேட்டது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சட்டத்தையெல்லாம் மறந்து, "அத்தே! அத்தே!" என்று அலறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. நான் தொங்கிய இடத்திலிருந்து அத்தை தெரிந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். "இல்ல, நீ இல்ல. நீ இங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கத்தக் கத்த அவள் இன்னும் இறுகப் பொத்திக்கொண்டாள். கடைசியில் எதிர்வீட்டுப் பெரியம்மாதான் ஓடிவந்து என்னைத் தூக்கினாள்.

காலுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். அன்றிரவு அம்மா அப்பாவிடம் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். "உங்க அக்காவக் கோபர்கைரனேல உங்க தம்பி வீட்ல கொண்டுபோய் விடுங்க. இல்லன்னா நான் எம்பிள்ளயத் தூக்கிட்டுப் போறேன்." அம்மா மெதுவாகத்தான் பேசினாள், அத்தைக்குக் கேட்டிருக்காது. ஆனால் அத்தை அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒரு தவணை கேட்டார். என் காலைக் காட்டப் போன நாளில் அத்தையையும் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரியின் காது பிரிவுக்குப் போனார். அங்கே காதைச் சோதிக்கிற பெண் மாட்டுங்காவில் வளர்ந்தவள். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "வாங்கோ மாமி" என்றாள். அத்தையை அதுவரை யாரும் மாமி என்று கூப்பிட்டதில்லை. நல்லவேளை, அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

சுவரெல்லாம் துளை துளையான பலகை அடித்த ஒரு சின்ன அறை. அத்தை தனியாக உள்ளே போகப் பயந்ததால் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தியதும் உலகம் நின்றுவிட்டது. தாராவியில் பிறந்த எனக்கு அமைதி என்றால் கரண்டு போன நேரம்தான். இது வேறு. என் காதுக்குள் யாரோ மணலைக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. அது என் ரத்தம் ஓடுகிற சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்தால் மணலுக்கு அடியிலிருந்து ஏதாவது பேச ஆரம்பிக்கும் என்று தோன்றியது. அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். அத்தை வெகுநேரம் சும்மா இருந்தாள். எப்போதாவது ஒருதடவை அமுக்கினாள். திடீரென்று விடாமல் அமுக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் முகத்தைச் சுளித்து, எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"நான் இப்போ சத்தமே குடுக்கலையே மாமி. என்ன கேட்டுது?" என்று காதுக்குக் கிட்டே கேட்டாள்.

"பிள்ள கூப்பிட்டா" என்று அத்தை என்னைக் காட்டினாள்.

"நீ பேசினியா?"

நான் இல்லை என்று தலையசைத்தேன். அந்தப் பெண் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையில் மயிர் சிலிர்த்து நின்றதை நான் பார்த்தேன்.

ஆனாலும் படித்தவள். வெளியே வந்து அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னாள். "கை போனவாளுக்கு இல்லாத கையில வலிக்கும், கேட்டிருக்கேளா? அது மாதிரிதான். காதுலேர்ந்து உள்ள போற சத்தம் குறைஞ்சுடுத்து. மூளைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தங்கிட்ட இருக்கற சத்தத்தை எடுத்துத் தானே போட்டுக்கறது. பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. காதுக்கு மெஷின் வச்சுண்டு, ஆத்துல எல்லாரும் நன்னாப் பேசினேள்னா குறைஞ்சுடும்." தலையைப் படம் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டரும் இதையே இந்தியில் சொன்னார்.

"எதுக்கு என் குரல்?" என்று நான் கேட்டேன்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "உள்ள எது நிறைய இருக்கோ அதைத்தானே எடுக்கும்" என்றாள்.

வீட்டில் அப்பா இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "மூளைக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா பேயி பேயில்லன்னு ஆயிருமா?" கறுப்புக் கயிற்றை அவள் கழற்றவில்லை. மெஷின் வந்து குரல் நின்றால் அத்தை இருக்கலாம், இல்லாவிட்டால் கோபர்கைரனே என்று முடிவானது.

மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவுக்கு. முதல்நாள் அத்தை குழாய்ச் சத்தத்துக்கும் கரண்டிச் சத்தத்துக்கும் துள்ளித் துள்ளி விழுந்தாள். மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் என்னை எதிரில் உட்கார வைத்தாள். என் மாவுக்கட்டைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒரு தடவ கூப்பிடுட்டி."

எத்தனையோ நாட்களாக அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தேன். "அத்தே" என்றேன்.

யாரோ தெரியாதவரின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் அவள் கேட்டாள். "இன்னொரு தடவ."

"அத்தே."

"நல்லாதான் இருக்கு. ஆனா இவ பெரியவளால்லா இருக்கா" என்றாள். பிறகு, அதுவரை யாரும் அவளிடம் கேட்காத ஒன்றைச் சொன்னாள். "அவ 'அத்தே'ங்க மாட்டா. 'அச்சே'ம்பா. அவளுக்கு நாக்கு திரும்பாது."

மூன்று வயது வரைக்கும் நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேனாம். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த அந்தக் காலத்தில் அத்தை வேலைக்குப் போகாமல் என்னை இடுப்பிலேயே வைத்திருந்தாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் எதுவும் நினைவில்லை.

"அப்போ ஏணில நான் கூப்பிட்டது உனக்குத் தெரிஞ்சுதா?"

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிட்டியட்டி. அவ அழுதா. போகக் கூடாதுன்னு சொல்லிருக்காவளேன்னு காதப் பொத்திக்கிட்டேன். அதுல நீயும் போயிட்ட."

சாயங்காலம் அம்மாவிடம் குரல் நின்றுவிட்டது என்று சொன்னாள். அம்மா அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மா தன் ஜெபத்தால்தான் என்று ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்லப் போனாள். அத்தை எங்களோடேயே இருந்தாள். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அவள் மெஷினைக் கழற்றி அரிசி டப்பா மேல் வைப்பதை, கால் சரியாகும் வரை வீட்டிலேயே கிடந்த நான் மட்டும் பார்த்தேன். கழற்றிவிட்டு, வாசல் பக்கம் முகத்தைச் சாய்த்துக்கொண்டு, உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு உட்கார்ந்திருப்பாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

எனக்குப் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் பொறாமை வந்தது. என் குரலை வைத்துக்கொண்டு என் அத்தையைப் பறித்துக்கொண்ட அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஒரு மத்தியானம், சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே அத்தையின் பின்னால் போய் நின்றேன். குரலை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கி, காதுக்கு அருகே, "அச்சே" என்றேன்.

அத்தை விருட்டென்று திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் நீட்டினாள். ஆனால் அவள் பார்வை என் முகத்துக்கு வரவில்லை. என் இடுப்புக்குக் கீழே, என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பார்த்துச் சிரித்தாள். "வந்துட்டியாட்டி" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். அங்கே யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. இல்லாமல் போனவள் அந்தச் சின்னவளா, நானா என்பதுதான் அந்த வயதில் தெரியவில்லை.