சேவலென்று நேர்ந்த பேடு

குசினியில் ஒரு பனையோலைப் பெட்டி நிறைய நீல முட்டைகள் கிடந்த காலத்தில், நான் சந்திக் கடைக்குப் போய்க் காசு கொடுத்து முட்டை வாங்கினேன். "வீட்டிலை கோழி நிக்குதெல்லே?" என்று கடைக்காரர் கேட்பார். "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். விளக்கத் தொடங்கினால் மச்சாளில் தொடங்கி முருகனில் முடிக்க வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

நீல முட்டை என் ஆசை. எனக்கென்று நான் ஆசைப்பட்ட சாமான்கள் இந்த வாழ்க்கையில் மிகக் குறைவு. கைபேசியில் யாரோ ஒரு பெண் தன் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டு, தோய்த்து வெளிறிய பள்ளிக்கூடக் காற்சட்டை நிறத்தில் ஒரு முட்டையை எடுத்ததைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அது வேண்டும் என்றாகிவிட்டது. கொழும்பிலிருக்கும் என் தம்பி அந்த இனத்து முட்டைகளை பிஸ்கற் தகரத்தில் உமி போட்டு ரயிலில் கொண்டுவந்தான். கொக்குவில் ஸ்டேசனில் இறங்கும்போதே பாதி கலங்கியிருந்தன. மிச்சத்தை எங்கள் ஊர்க்கோழியில் அடை வைத்தேன். மூன்று குஞ்சுகள் தப்பின. கலப்பு இனமாம், எல்லாம் நீலமாக இடாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இடும் என்று விற்றவர் சொல்லிவிட்டாராம்.

முதலாவது, பாலை அளவுக்குமேல் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இட்டது. அது ஒரு சாதுவான சோம்பேறி. சோற்றுப் பருக்கையைக்கூட வாய்க்குக் கிட்டப் போட்டால்தான் தின்னும். இரண்டாவது, பாசிப்பயற்று நிறத்தில் இட்டது. கள்ளி. கூட்டில் இடமாட்டாள். பழுதாய்ப்போன வோஷிங் மெஷினுக்குள், விறகுக்கு இடையில், ஒருமுறை இவர் உடுத்துக் கழற்றிய சாரத்துக் குவியலுக்குள். இவர் என்றால் என் கணவர். மூன்றாவது முட்டையே இடவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வளவு முழுவதும் நடக்கும், மற்றவற்றைக் கொத்திக் கலைக்கும், மதிலில் ஏறி நின்று ரோட்டைப் பார்க்கும். தலையில் கொண்டைப்பூவும் சிவந்து தடித்திருந்தது. அதைப் பெரியவன் என்று கூப்பிட்டோம்.

மச்சாள் இவருடைய அக்கா. கலியாணம் கட்டவில்லை. எங்கள் வளவிலேயே கிணற்றடிப் பக்கத்து அறையில் இருக்கிறார். இவரை வளர்த்தவர் அவர்தான், அதை இவரும் மறக்கமாட்டார், அவரும் மறக்கவிடமாட்டார். இவருக்கு நெஞ்சு நோ வந்து, கொழும்புக்குக் கொண்டுபோய் ஓப்பரேசன் செய்தோம். இவரை உள்ளே எடுத்த காலையில் மச்சாள் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய், பெரியவனைப் பிடித்து, காலில் மஞ்சள் துணி கட்டி, "முருகா, தம்பி எழும்பி நடந்தால் இந்தச் சேவல் உனக்கு" என்று நேர்ந்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி போனில்தான் கேள்விப்பட்டேன். அந்த நேரம் வீட்டையே நேர்ந்திருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இவர் எழும்பினார், நடந்தார். கோயில்வரைக்கும் தானாக நடக்கிற அளவுக்குத் தேறியதும் சேவலைக் கொண்டுபோய் விடுவது என்று மச்சாள் தீர்மானித்தார். ஏன் இன்னும் கூவவில்லை என்று நான் கேட்டேன்.

"உது சீமை இனம். பிந்தித்தான் கூவும்," என்றார் மச்சாள், ஆயிரம் சேவல் வளர்த்தவர் மாதிரி.

ஒருநாள் காலை பெரியவன் கூட்டுக்குள் நெடுநேரம் குந்தியிருந்தான். பிறகு எழும்பி, ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கொக்கரித்தான். வைக்கோலில் ஒரு முட்டை. நீலம். சுத்தமான நீலம். நான் அதைக் கையில் எடுத்தேன், சூடாக இருந்தது. சந்தோசத்தில் கத்தினேன். மச்சாள் ஓடிவந்து பார்த்தார். முதலில் முட்டையைப் பார்த்தார், பிறகு காலில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். அப்படியே பக்கத்துக் கல்லில் குந்திவிட்டார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. கோயிலுக்குப் போய்க் கேட்டார். முருகனுக்குச் சேவல்தான் விடுவது, பேடு எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். வேறு சேவல் வாங்கிக் கொடுப்போம் என்றேன்.

"நான் இதைத்தானே நேர்ந்தனான்? வேறை ஒண்டைக் குடுத்து ஏமாத்திறதோ? தம்பியின்ரை உயிரெல்லே!"

"சரி மச்சாள், கோயிலிலை எடுக்கமாட்டினமெண்டால் இது எங்கடை கோழிதானே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? நேர்ந்த சாமான் நேர்ந்ததுதான். அதின்ரை முட்டையை இந்த வீட்டிலை ஒருத்தரும் வாயிலை வைக்கக்கூடாது."

விற்கவும் கூடாது. அயலுக்குக் கொடுத்தால் பழி அங்கே போகும். கோயிலுக்கு முட்டை கொண்டுபோவதை நினைக்கவே முடியாது. ஆக, பெரியவன் ஒருநாள் விட்டு ஒருநாள் நீலமாக இட்டுக்கொண்டே இருந்தது, நான் எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருந்தேன். மற்றவை இட்டது எங்களுக்குக் காணாமல் சந்திக் கடையில் முட்டை வாங்கினேன். பழசாகிப் போனவற்றை மச்சாள் தேசிமரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டார். என் ஆசையை என் கண்முன்னே தாட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சட்டி பானை எல்லாம் சத்தம் போட்டன. இவரோ கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். "முருகனுக்கே முட்டை குடுத்த முதல் ஆள் எங்கடை அக்காதான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவருக்கென்ன, முட்டைக்கு ஏங்கியது நான்.

சண்டிலிப்பாயில் ஒரு செத்தவீடு வந்தது. மச்சாள் விடியவே வெளிக்கிட்டார். படலை சாத்தின சத்தம் கேட்டதும் நான் தாச்சியை அடுப்பில் வைத்தேன். வெங்காயம், பச்சைமிளகாய் வெட்டினேன். பெட்டியிலிருந்து புது முட்டை இரண்டைக் கழுவித் துடைத்து எடுத்தேன். இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஆரும் இல்லை. சாப்பிடுவம்," என்றேன். "ஒண்டு உங்களுக்கு, ஒண்டு எனக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை நெஞ்சிலிருந்த வெட்டுக்காயத் தழும்புக்குப் போனது.

"வேண்டாம்," என்றார் மெதுவாக. "திருப்பி வையும்."

"நீங்களுமோ?"

"அக்கா சொல்லுறதெண்டு இல்லை. எனக்கு..." முற்றத்துப் பக்கம் திரும்பிவிட்டார்.

இவ்வளவு நாளும் இந்த மனுசன் சிரித்தது பயத்தை மறைக்கத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு முதலில் இவரில்தான் கோபம் வந்தது, மச்சாளில் வந்ததைவிடக் கூட. பயம் என்று என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. இரவில் இவர் மூச்சு விடுகிறாரா என்று கையை வைத்துப் பார்த்துப் பார்த்துப் படுக்கிற எனக்குச் சொல்லியிருக்கலாமே. எண்ணெய் புகையத் தொடங்கியது. அடுப்பை நூர்த்தேன். முட்டைகளைப் பெட்டியில் திருப்பி வைத்தேன்.

மச்சாள் வந்து முழுகிவிட்டுத் தலை துவட்டும்போது கேட்டேன்.

"மச்சாள், பெரியவன்ரை வயித்திலை பிறந்த சேவலைக் குடுத்தால், பெரியவனைக் குடுத்தது மாதிரித்தானே?"

அவர் துவாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அடுத்தநாள் கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டுவிட்டு வந்து, "குடுக்கலாமாம்," என்றார்.

பக்கத்து வளவுச் சேவல் மதில் பாய்ந்து வருவதைப் பற்றி நான் எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது அதற்கு நெல் போட்டேன். பெரியவனுக்கு அடை கிடக்கிற குணம் இல்லை, இட்டதும் திரும்பியே பாராது. அதனால் ஊர்க்கோழி அடைக்கு வரும்வரை காத்திருந்தோம். ஊர்க்கோழி அடையில் இருந்தால் ராட்சசி. புது முட்டைகளாகப் பார்த்து அவளுக்குக் கீழே வைக்கும்போது என் கையைக் கிழித்துவிட்டாள். ரத்தம் துடைத்துக்கொண்டு அவளைத் திட்டினேன், முருகனையும் கொஞ்சம் திட்டினேன்.

நாலு குஞ்சு பொரித்தன. ஒன்றை வானத்திலிருந்து இறங்கிய பிராந்து தூக்கிக்கொண்டுபோனது. மிச்சம் மூன்றின் பூவையும் வாலையும் நாங்கள் மூவரும் தினமும் ஆராய்ந்தோம். மச்சாள் ஒன்றைக் காட்டி, "உது சேவல்," என்றார்.

"கூவட்டும் மச்சாள். கூவினாப் பிறகு துணி கட்டுங்கோ," என்றேன். அவர் கோபிக்கவில்லை.

இன்று காலை நான் கோடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கிணற்றுக் கட்டில் நின்ற செம்மஞ்சள் குஞ்சு கழுத்தை நீட்டி, தொண்டை கட்டினவர் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டேன். மச்சாளும் வந்தார்.

"மதிலுக்கு அங்காலைச் சேவலாயிருக்கும்," என்றார் இவர்.

"இல்லை, நான் கண்ணாலை கண்டனான்."

"இன்னொருக்கால் கூவட்டும்."

மூவரும் அசையாமல் நின்றோம். அது எங்களை ஒரு பார்வை பார்த்தது, இறகை உதறியது, பிறகு மறுபடி கூவியது. இந்தமுறை சந்தேகமில்லை. மச்சாள் அழுதுகொண்டே இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியை எடுத்தார். எத்தனை நாளாக அதை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாரோ. இவர் குஞ்சைப் பிடித்து ஒற்றைக் காலை நீட்டிக் கொடுத்தார். மச்சாளுக்குக் கண்ணீரில் துணி சரியாகத் தெரியவில்லை, முடிச்சு விழவில்லை. துணியை நான் வாங்கிக் கட்டினேன்.

"இறுக்கிக் கட்டும்," என்றார் இவர்.

அதற்கு மேலே இன்னொரு முடிச்சும் போட்டேன்.