ரிப்பனுக்கு இந்தப் பக்கம்

நூலகத்துக்கு இணையம் வந்துவிட்டால் என் நாத்தனாருக்கு அரசு வேலை கிடைத்துவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தேர்வு இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதை ஒரு நடைமுறை என்ற அளவில் ஒப்புக்கொண்டிருந்தோம். என் கணவர் அதோடு நிற்கவில்லை. தங்கைக்கு எந்த ஊரில் வேலை கிடைத்தால் வசதி என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். கட்டுமாவடிப் பக்கம் என்றால் நல்ல மீன் கிடைக்கும் என்பது அவர் கருத்து. கடல் காற்று தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள் அவள். இல்லாத வேலைக்காக அண்ணனும் தங்கையும் ஒரு வேளைச் சாப்பாட்டை முகம் கொடுக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகர். கணவருக்குப் பூந்தோட்டம், மல்லிகையும் செண்டிப்பூவும். நாத்தனார், திருமண வாழ்க்கை சரிவராமல் எங்களோடு வந்து சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து போட்டித் தேர்வு எழுதிவந்தாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தில் தவறிப்போகும். அந்தக் கொஞ்சம் ஆண்டுக்காண்டு மாறவில்லை. வயது மட்டும் மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் வயது வரம்பு அவளுக்கு ஒரே ஒரு தேர்வை விட்டுவைத்திருந்தது.

அரசு நடத்தும் இலவசப் பயிற்சி வகுப்புகள் இணையத்தில் வந்தன. எங்கள் வீட்டிலோ சிக்னல் என்பது தோட்டத்துப் பலாமரத்தின் வடக்குப் பக்கம் மட்டும் இருந்தது. அங்கே நின்றால் பாடம் எடுப்பவர் பாதிச் சொல்லில் வாயைத் திறந்தபடி உறைந்துபோவார். அவர் மறுபடி வாயை மூடும்போது அசோகர் காலம் முடிந்து குப்தர்கள் ஆண்டுகொண்டிருப்பார்கள்.

ஆகவே, கிராமத்துப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணைய இணைப்புக் கொடுக்க அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது, அதில் நம் நூலகமும் இருக்கிறது என்று நான் வீட்டில் சொன்னபோது, நாத்தனார் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் கம்பி இழுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மறுநாளே பிள்ளைகள் யானை குளிப்பதைப் பெரிய திரையில் பார்த்தார்கள். எங்களுக்கு வாசகர் வட்டம் இருந்தது.

வாசகர் வட்டத் தலைவர் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். மின்விசிறி, மேசை, நாற்காலிகள் எல்லாம் அவர் தந்தவை. புத்தகங்கள் மீது அவருக்கு மிகுந்த மரியாதை. அந்த மரியாதை அவற்றைப் பிரித்துப் பார்க்க விடவில்லை. இணையப் பெட்டி சுவரில் ஏறி, பச்சை விளக்கு எரிந்து, புதுக் கம்ப்யூட்டரும் மேசைக்கு வந்த அன்று மாலை அவர் வந்து பார்த்தார்.

"சுவிட்ச அமத்துங்க அம்மா" என்றார்.

"ஏங்க?"

"ஏங்கவா? ஒரு அடிபம்பு போட்டாக்கூட ஆள் வச்சுத்தான் திறக்குறோம். நெட்டுன்னா சும்மாவா?"

ஒரு பிரமுகர் வந்து திறந்துவைப்பதாக அவரிடம் வாக்களித்திருந்தார். பெட்டியின் மேல் மஞ்சள் துணி போர்த்தப்பட்டது. ஜன்னல் கம்பியிலிருந்து பீரோவின் கைப்பிடி வரை கம்ப்யூட்டருக்கு முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டப்பட்டது. பிரமுகர் பெயரோடு கல்வெட்டும் வாசல் சுவருக்கு வந்துசேர்ந்தது. அதில் தேதி இருக்க வேண்டிய இடம் வழுவழுப்பாக விடப்பட்டிருந்தது. குடுமியான்மலையில் இசையையே கல்லில் வெட்டிவைத்த மாவட்டம் இது. எங்கள் தலைவருக்குத் தேதியைப் பிறகு வெட்டிக்கொள்வது ஒரு பொருட்டில்லை.

முதல் முறை பிரமுகர் வருவதாக இருந்த நாளில் மழை. அடுத்த முறை அவர் உறவில் ஒரு சாவு. அதன் பிறகு தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததால் கல்வெட்டின் மீதும் ஒரு துணி விழுந்தது. நாத்தனார் தினமும் வந்து, ரிப்பனுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பழைய வழிகாட்டி நூல்களைப் படித்தாள். அவற்றில் தமிழ்நாட்டில் மாவட்டங்கள் இன்னும் குறைவாகவே இருந்தன.

"அண்ணி, இந்த ரிப்பனுக்கு வயசு வரம்பு ஏதும் இருக்கா?"

"இல்லை."

"குடுத்துவச்சது."

பிறகொரு நாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், ஒங்க லைப்ரரில யூசேஜ் ஜீரோன்னு காட்டுது. லைன்ல ஏதும் ஃபால்ட்டா?"

"லைன் நல்லா இருக்குங்க."

"அப்ப ஏன் யாருமே யூஸ் பண்ணல?"

"இன்னும் திறக்கலைங்க."

"லைப்ரரியவா?"

"இல்லைங்க. நெட்ட."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். பயன்படுத்துகிற இடங்களுக்குத்தான் அரசுப் பணம் தொடரும். இந்த மாதமும் இப்படியே போனால் இணைப்பு, காத்திருக்கும் வேறொரு நூலகத்துக்கு மாற்றப்படும். நான் நன்றி சொல்லி வைத்தேன். நாத்தனார் படித்த பக்கத்தில் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே தலைவரை வரவழைத்தோம். கணவரும் தோட்டத்திலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலைவர் நெடுநேரம் ரிப்பனைப் பார்த்தார்.

"நான் மாட்டேன்னு சொல்லல அம்மா. வர்றவரு வந்து நிக்கயில, இது ஏற்கெனவே ஓட்டுனதுன்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாரு? எச்சிப் பண்டத்தத் திறந்து வைக்கச் சொன்ன மாதிரி ஆகிறாது?"

"லைனையே கழட்டிக்கிட்டுப் போயிட்டா வந்து எதைங்க திறப்பாரு?" என்றார் என் கணவர்.

"கல்வெட்டு இருக்குல்ல."

நாத்தனார் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அய்யா, நீங்க புது வீட்டுக்கு எப்பக் குடி போனீங்க?"

"தை மாசம். பால் காய்ச்சிப் போனோம்."

"பத்திரிகை அடிச்சுச் சோறு போட்டது?"

"அது வைகாசில. மாப்ள சிங்கப்பூர்லேர்ந்து வர வேணாமா?"

"நடுவுல எங்கிட்டு இருந்தீங்க?"

"பின்ன, ரோட்டுலயா படுத்துக்கெடந்தோம்? அந்த வீட்லதான் ..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். மஞ்சள் துணியைப் பார்த்தார். கல்வெட்டைப் பார்த்தார். "பால் காய்ச்சிரலாம்கிறியா?"

"நான் ஒன்னும் சொல்லலைங்க. கேட்டேன்."

எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சிவிட்டால் வீட்டில் இருக்கலாம். விழாவைச் சௌகரியம்போல் வைத்துக்கொள்ளலாம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இந்த ஏற்பாடு இணையத்துக்கும் பொருந்தும் என்பது அன்றைக்கு முடிவானது.

புதன்கிழமை காலை எமகண்டம் கழிந்து பால் காய்ச்சினோம். புத்தகங்கள் உள்ள இடத்தில் அடுப்பு வைக்க நான் ஒப்பவில்லை, அது விதி. எனவே வாசற்படியில் வைத்தோம். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. பெட்டி இருந்ததோ மேற்குச் சுவரில். இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று தலைவர் தீர்ப்பளித்தார். துணியை அவரே எடுத்து மடித்தார். நான் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் குடித்தோம். கம்ப்யூட்டர் மட்டும் விழாவுக்கென்று ரிப்பனுக்குப் பின்னால் இருக்கட்டும், அவரவர் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பது உடன்பாடு. ரிப்பன் அறுபடாதவரை எதுவும் திறக்கப்படவில்லை.

அதன் பிறகு திறக்கப்படாத அந்த இணையத்தை ஊரே பயன்படுத்தியது. வாசற்படியில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இருவர் சேர்ந்து வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவனோடு பேச வந்த ஒருத்தி, பேசும் நேரத்தைவிட அழும் நேரம் அதிகமாக இருந்ததால், ஓரமாக உட்காரக் கேட்டுக்கொள்ளப்பட்டாள். என் கணவர் தினமும் வந்து திருச்சியில் பூ விலை என்னவென்று பார்த்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார். முன்பு இந்த வருத்தத்துக்கு அவர் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலுவலகத்துப் பெண் மறுபடி அழைத்து, எங்கள் பயன்பாடு மிகவும் நன்றாக இருக்கிறது, பணம் தொடரும் என்று பாராட்டினார்.

நாத்தனார் தன் பழைய போனில் படித்தாள். திரையின் குறுக்கே ஒரு கீறல் இருந்தது. அதனால் தமிழ்நாட்டு வரைபடத்தில் காவிரி இரண்டு இடங்களில் ஓடியது. மாதிரித் தேர்வுகளில் எழுத்து மிகச் சிறியதாக வந்தது. போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படிப்பாள். கண் வலித்தால் நிமிர்ந்து, ரிப்பனுக்கு அந்தப் பக்கம் இருந்த அகலமான திரையைச் சற்று நேரம் பார்ப்பாள். அதில் ஒன்றும் தெரியாது. பிறகு மறுபடி குனிந்துகொள்வாள். பூட்டும் நேரத்தை நான் கொஞ்சம் தள்ளிப்போடப் பழகினேன். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தேர்வு நெருங்கிய ஒரு மாலையில், எல்லோரும் போன பிறகு, செய்தித்தாள் நறுக்கும் கத்தரிக்கோலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். ரிப்பனையும் பார்த்தாள்.

"வேணாம் அண்ணி" என்றாள். "அந்த மனுசன் பாவம். கல்லெல்லாம் வெட்டி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்தேன். அவள் மாதிரித் தேர்வின் மிச்சத்தையும் அந்தக் கீறலோடு எழுதி முடித்தாள்.

பிரமுகர், தேர்வு முடிந்த மறுவாரம் வந்தார். மழையும் இல்லை, சாவும் இல்லை, தேர்தலும் முடிந்திருந்தது. கல்வெட்டில் தேதியை வெட்ட நேரமில்லாததால் காலையில் பெயின்டால் எழுதினார்கள். அவர் ரிப்பனை வெட்டினார், கைதட்டினோம். இதுவரை இந்த ஊர் இருட்டில் இருந்ததாகவும் இன்றுமுதல் உலகமே இங்கே வந்துவிட்டதாகவும் பேசினார். வாசற்படியில் இருந்தவர்கள் போனை மடியில் மறைத்துக்கொண்டு கேட்டார்கள். தலைவர், நாத்தனாரை மேடைக்கு அழைத்தார்.

"நம்ம நூலகத்துல படிச்சுப் பரீட்சை எழுதியிருக்க தங்கச்சிங்க."

"வேலை கெடச்சுருச்சாம்மா?" என்றார் பிரமுகர்.

"ரிசல்ட் வரலைங்க."

"வந்துரும், வந்துரும்" என்று அவர் உறுதியளித்துச் சால்வை போட்டார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று எங்கள் வீட்டில் மறுபடியும் கட்டுமாவடிப் பேச்சு எழுந்தது. இந்த முறை அவள் எதிர்த்துப் பேசவில்லை.

முடிவு வந்த நாளில் அவள் முதல் முறையாக அந்தப் பெரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ரிப்பனின் ஒரு துண்டு ஜன்னல் கம்பியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பதிவெண்ணைத் தட்டினாள். நான் என் இடத்திலேயே நின்று, நாற்காலிக்கு மேல் தெரிந்த அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை அசையவில்லை. பிறகு அவள் பக்கத்தை முறையாக மூடி, திரையை அணைத்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு வந்தாள்.

"நெட்டு நல்ல ஸ்பீடு அண்ணி" என்றாள். "கேட்ட ஒடனே பட்டுன்னு சொல்லிருச்சு."

அன்று மாலை என் கணவர் எங்கிருந்தோ நல்ல மீன் வாங்கி வந்தார். அவரே கழுவினார், அது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சாப்பிடும்போது தங்கையின் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

"கடல் காத்து ஒனக்கு ஒத்துக்காதுன்னு நீதானத்தா சொன்ன" என்றார்.

"ஆமாண்ணே" என்றாள் அவள். "முள்ளு எடுக்காம வச்சிருக்கீங்க."

இணைப்புக்கான அரசுப் பணம் தொடர்ந்து வருகிறது. படியில் உட்கார்ந்து படித்த பெண்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது; ஒருத்தி திருச்சியில் இருக்கிறாள், மற்றவள் ராமநாதபுரத்தில். வெளிநாட்டில் இருந்த கணவன் திரும்பி வந்துவிட்டதால், ஓரமாக உட்கார்ந்து அழுத பெண் இப்போது நூலகத்துக்கு வருவதில்லை. தலைவர் மண்டியை விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் மகளோடு இருக்கிறார். கல்வெட்டுத் தேதி மழையில் பாதி அழிந்துவிட்டது.

நாத்தனார் தினமும் வருகிறாள். கம்ப்யூட்டர் பக்கம் போவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வயது வரம்பில்லாத புத்தகங்களைப் படிக்கிறாள். கதை, பயணம், கையில் கிடைக்கும் எதுவும். பூட்டும் நேரத்தை நான் இப்போதும் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். அந்த நேரத்தில் உள்ளே நாங்கள் இருவர்தான் இருப்போம்.