செல்லபாயும் நாலு பெரிய டயரும்

செல்லபாய்க்கு ஜீப் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் தடிக்காரன்கோணத்திலிருந்து மலை எஸ்டேட்டுக்கு ஏறுகிற ஒன்பது கிலோமீட்டர் கல்பாதையில், எந்த இடத்தில் எந்தக் கியரில் வண்டி எப்படி முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் பால்வெட்டு வேலை. ரப்பர் மரத்தைக் கீறி, சிரட்டையில் வடிகிற பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து வர வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் காலை ஐந்து மணிக்கு அவளோடு பதினோரு பெண்கள் மேலே போவார்கள். ஏற்றிக்கொண்டு போவது அவள் புருஷன் ஜெபசீலனுடைய பழைய ஜீப். முன்சீட்டு செல்லபாய்க்கு. மற்றவர்கள் பின்னால் இடித்து நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள்.

ஜெபசீலன் நல்ல டிரைவர். இதைச் செல்லபாயே ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொண்ட கையோடு, "அதத் தவுத்து வேற ஒரு மண்ணும் அறியாது" என்பாள். அவள் வாயில் மரியாதையாக அடிபட்ட ஆள் ஊரில் குறைவு. வெள்ளைச் செருப்போடு தோட்டத்துக்குள் வருகிற சூப்பர்வைசர் அவளுக்கு ஆளே இல்லை. இன்று மழை கிடையாது என்று போனைப் பார்த்துச் சொல்கிறவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனால் அவளுடைய முழு இளக்காரத்துக்கும் தகுதியுள்ள ஒருவன் சொந்தத்திலேயே வந்து சேர்ந்தான். அவள் அக்காள் மகன் அபினேஷ்.

அபினேஷ் ஏழு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து கறுப்பு நிறத்தில் புது ஜீப் ஒன்று வாங்கினான். வாங்கின மாதமே அதன் டயரைக் கழற்றிவிட்டு, இடுப்பு உயரத்துக்குப் பெரிய டயர் மாட்டினான். அவன் பெண்டாட்டி சர்ச்சுக்கு முன்னால் வந்து இறங்கும்போது ஒரு கையில் சேலையையும் மறு கையில் கதவையும் பிடித்துக்கொண்டு, கிணற்றில் இறங்குகிறவள் மாதிரி காலால் தரையைத் தேடுவாள். சனிக்கிழமைதோறும் வறண்ட ஆற்று மணலில் வண்டியை உழப்பி வீடியோ போடுவான். அதே ஆள் பூதப்பாண்டி ரோட்டில் சின்னக் குழி வந்தால் பிரேக்கில் ஏறி நிற்பான். "வண்டிக்குத் தைரியம் இருக்கு, ஓட்டுகவனுக்குத்தான் இல்ல" என்பாள் செல்லபாய்.

இதோடு போயிருந்தால் பாதகமில்லை. அபினேஷுக்கு அந்த டயரும் போதாமல் போயிற்று. அதைவிடப் பெரிது வாங்கினான். கழற்றிய நாலையும் சித்தப்பா ஜெபசீலனுக்குச் சும்மா தருவதாகச் சொன்னான்.

"சித்தப்பா, ஒங்க வண்டிக்கு எதுக்கு இந்தச் சுண்டெலி டயரு? இதப் போட்டா பாறையெல்லாம் சும்மா மிதிச்சு ஏறிப் போவும், கேட்டியளா."

ஐம்பத்துநாலு வயது மனுஷன் சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அவரோ ஜீப் ஸ்டாண்டில் பிள்ளைகள் அபினேஷின் வண்டி பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். முப்பது வருஷமாக மலை ஏறுகிற தன் வண்டியை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு புழுக்கம். செல்லபாய் சர்ச்சுப் பெண்கள் கன்வென்ஷனுக்கு இரண்டு நாள் நாகர்கோவில் போயிருந்த நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார். ஸ்பிரிங்கைத் தூக்கினார். டயர் உரசுகிறது என்று மட்கார்டை அறுத்தார். பழைய டயர் நாலையும் முட்டத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிற கூட்டாளி ஜான்ரோஸுக்குக் கொடுத்தனுப்பினார்.

திரும்பி வந்த செல்லபாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது என்னது?"

"அபினேஷ் தந்தான். எப்படி இருக்கு?"

"யானைக்காலு வந்த ஆடு மாதிரி இருக்கு. கியரையும் மாத்தினியளா?"

"கியர எதுக்கு மாத்தணும்?"

செல்லபாய் பையைக் கீழே வைத்தாள். "இஞ்ச பாருங்க. இறக்கத்தில பால் வாளியோட வாறவ எட்டி எட்டி வைப்பாளா, குறுக்கிக் குறுக்கி வைப்பாளா?"

"குறுக்கித்தான் வைப்பா."

"எட்டி வச்சா?"

"பாலோட உருளுவா."

"பின்ன, லோ கியருன்னா அந்தக் குறுக்கி வைக்க நடைதானே? டயரு பெரிசானா ஒரு சுத்துக்கு வண்டி அம்புட்டு தூரம் கூட ஓடும். நீங்க லோ கியரு போட்டாலும் அது எட்டித்தான் வைக்கும். இது தெரியாமலா முப்பது வருஷம் வளையம் பிடிச்சிய?"

ஜெபசீலனுக்கு முகம் கறுத்தது. "ஒனக்கு வண்டியப் பத்தி என்னட்டி தெரியும்? நீ மரத்தக் கீறுக வேலையப் பாரு."

இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. செல்லபாய் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாளிலிருந்து பாடு தொடங்கியது. வண்டியில் ஏறவே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. முதல் ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுவாங்கியது. கிளட்ச் கருகி நாற்றம் வந்தது. "புதுசில்லியா, பழகணும்" என்றார் ஜெபசீலன். யார் பழக வேண்டும், வண்டியா மலையா என்று செல்லபாய் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். முன்சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்காகப் பிற்பாடு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம், வேலை முடிந்து இறங்கும்போது மழை. குருசடி வளைவு அந்தப் பாதையிலேயே செங்குத்தான இடம். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அந்த இடத்தில் ஜெபசீலன் எப்போதும் சின்ன லிவரைத் தள்ளி லோவில் போட்டுவிட்டு, பிரேக்கிலிருந்து காலையே எடுத்துவிடுவார். வண்டி தானாக ஊன்றி ஊன்றி இறங்கும். அன்றும் அப்படித்தான் போட்டார். சத்தம் சரியில்லை என்று செல்லபாயின் காது சொன்னது. வண்டி நடக்கவில்லை, ஓடியது. அவர் பிரேக்கை மிதித்தார். ஈரக் கல்லில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. பின்பக்கம் சுழன்று மண்திட்டில் மோதி நின்றது.

திட்டில் மோதியதால் பன்னிரண்டு பெண்களும் பிழைத்தார்கள். ஓரத்தில் இருந்த ஸ்மைலின் மட்டும் வெளியே விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டாள். பால்வெட்டுகிற கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

ஜெபசீலன் எல்லோரிடமும் சொன்னது, "பிரேக்கு லைனிங் போச்சு. மழையும்லா." பூதப்பாண்டி மெக்கானிக் அனில்குமார் பிரேக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "லைனிங் புதுசுபோல இருக்கு அண்ணே" என்றான். அதை ஜெபசீலன் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பெண்ணும் ஜீப்புக்கு வரவில்லை. மூன்றரை மணிக்கே கிளம்பி ஒன்பது கிலோமீட்டரும் நடந்து ஏறினார்கள். அவர்களோடு செல்லபாயும் நடந்தாள். "நீ எதுக்குக்கா நடக்க? ஒனக்கு வண்டி இருக்கில்லா" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த முள் செல்லபாய்க்கு நன்றாகவே தைத்தது. அவளை நம்பித்தான் அத்தனை பேரும் அந்த வண்டியில் உட்கார்ந்தவர்கள். எல்லோரும் பிந்திப் போனதால் சூப்பர்வைசர், இப்படியே போனால் வெட்டுக்கு வேறு ஆள் பார்ப்பேன் என்றான். அன்றைக்கென்று பார்த்து அவனைத் திட்ட அவளுக்கு வார்த்தை வரவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், பழைய டயரைத் திரும்ப வாங்கப் பஸ் பிடித்து முட்டத்துக்குப் போனாள். ஜான்ரோஸ் அவளை வள்ளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நாலு டயரும் வள்ளத்தின் விலாவில், படகுத்துறைச் சுவரில் இடிபடாமல் இருக்க, வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை துளைத்துக் கயிறு கோத்திருந்தது.

"அவன் வேண்டாம்னுதானே தந்தான்?" என்றார் ஜான்ரோஸ் பாவமாக.

"ஒங்க மேல குத்தமில்ல அண்ணா. வள்ளத்துக்காவது அறிவோட மாட்டியிருக்கிய" என்றாள் செல்லபாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அனில்குமார் வீட்டுக் கதவைத் தட்டினாள். பழைய அளவில், பாதி தேய்ந்த நாலு டயர் அவனிடம் கிடந்தது. சாயங்காலத்துக்குள் மாட்ட வைத்தாள். ஜெபசீலன் ஜாக்கி தூக்கிக் கொடுத்தார். அபினேஷ் வந்து, "சித்தி, எவ்வளவு நல்ல டயரு! கழத்திக் களஞ்சிட்டியளே" என்றான். "உருட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ மக்கா. அதுக்காவது ஒனக்குத் தெம்பு இருக்கான்னு பாப்போம்" என்றாள்.

திங்கட்கிழமை ஐந்து மணி. சொல்லியனுப்பியிருந்ததால் பத்துப் பெண்களும் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள். கையில் கட்டோடு ஸ்மைலினும் வந்திருந்தாள், அவளைச் செல்லபாய் வீட்டுக்கே போய் அழைத்திருந்தாள்.

"டயரு மாத்தியாச்சு. ஏறுங்க, ஏறுங்க" என்றார் ஜெபசீலன், எதுவுமே நடக்காத மாதிரி.

ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் செல்லபாயைப் பார்த்தார்கள். அவள் ஏறினால் ஏறுவார்கள். அவள் ஏறவில்லை.

"எதுக்கு மாத்தினியன்னு சொல்லுங்க."

"அதான் மாத்தியாச்சே, பின்ன என்ன பேச்சு?"

"பிரேக்கு போச்சுன்னு சொன்னிய. மழைன்னு சொன்னிய. இவளுக்க கையப் பாத்துச் சொல்லுங்க."

ஜெபசீலன் ஸ்மைலினின் கையைப் பார்த்தார். தலை குனிந்தார். "பிரேக்குமில்ல, மழையுமில்ல. அவனுக்க வண்டிய எல்லாரும் பாக்கானுவ, எனக்க வண்டிய ஒருத்தனும் பாக்கல. அதுக்குப் போட்டேன். இவ வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல."

"பின்னால நிக்கவளுக்குக் கேக்கல" என்றாள் செல்லபாய்.

அவர் இன்னொரு தடவை சொன்னார், உரக்க. ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற டிரைவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஸ்மைலினைத் தவிர மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். கடைசியாகச் செல்லபாய் பின்பக்கம் போய், நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபசீலன் காலியான முன்சீட்டைப் பார்த்தார்.

"முன்ன வரலியா?"

"அது ஸ்மைலினுக்க சீட்டு. கை சரியாவி அவ வாறது வரைக்கும் சும்மா கெடக்கட்டும். பக்கத்தில அந்தக் காலி சீட்டப் பாத்துப் பாத்து ஓட்டுங்க, செஞ்சது ஓர்ம இருக்கும்."

ஜெபசீலன் வண்டியை எடுத்தார்.