பூதக்கண்ணாடியிடம் ஒப்படைத்த அவரைக்கொடி

அச்சகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பூதக்கண்ணாடி என்றால்தான் திரும்புவார். முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். ஒரு புள்ளி விட்டுப்போன எழுத்துகூட அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்பியதாகச் சரித்திரம் இல்லை. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தாலும், வாழ்த்துவதற்கு முன்னால் சிவப்புப் பேனாவைத் தேடுகிற ஆள்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் மனைவி வீட்டின் பின்பக்கத்து அவரைக்கொடியை ஒப்படைத்துவிட்டு, சிகிச்சைக்காக மகள் இருக்கும் ஊருக்குப் போனாள். எட்டு வாரம். நோயைவிட மருந்துதான் அவளை வாட்டியது; எதை வாயில் வைத்தாலும் குமட்டல்.

"எனக்கு எதுவுமே பிடிக்கல. நம்ம வீட்டு அவரைக்காய் மட்டும் சாப்பிடலாம்போல இருக்கு," என்று கிளம்பும்போது சொன்னாள். "நான் வர்றதுக்குள்ள காய்க்க வச்சிருங்க."

அவர் தலையை ஆட்டினார். அதுவரை ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றிப் பழக்கமில்லாதவர்.

கோடை முடிகிற சமயம். வெயில் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வாரம் இளங்கொடி முழுக்க அசுவினி அப்பிக்கொண்டது. சாறு உறிஞ்சுகிற கருப்புப் பூச்சி, ஒவ்வொன்றும் கடுகில் பாதி. இலை சுருண்டது, பூ விட வேண்டிய நுனி தொங்கியது. அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு போய் நின்றார். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, முதுகெல்லாம் முள்ளும் ஆரஞ்சுப் புள்ளியுமாக ஒரு கரும்புழு, பேட்டை ரவுடி மாதிரி இப்படியும் அப்படியும் உலாத்திக்கொண்டிருந்தது. அதன் மூஞ்சியைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"நீதானா அது," என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில், அச்சகத்துக்குக் கிளம்பும் முன், சின்ன இடுக்கியால் அந்தப் புழுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டார். ஓர் இலை விடவில்லை. வேலை என்றால் அவருக்கு அப்படி ஒரு சுத்தம். ஒரு வாரத்தில் புழு அருகிப்போனது. அசுவினியோ இரண்டு மடங்கானது. நாலைந்து மொட்டுகள் கருகி உதிர்ந்து கிடந்தன.

மாலையில் மனைவி போனில் கேட்பாள். "கொடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நீ?"

"நல்லா இருக்கேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுக்கியைக் காணவில்லை. தேடி அலுத்து, வெறுங்கையோடு கொடியடியில் உட்கார்ந்து ஒரு புழுவை முறைத்துக்கொண்டிருந்தார். அது ஓர் அசுவினியைக் கவ்வித் தின்றது. அடுத்ததைக் கவ்வியது. அரை மணி நேரத்தில் ஏழெட்டு காலி. இப்போது இலையைக் கடிக்கும், இப்போது கடிக்கும் என்று காத்திருந்தார். அது இலையைச் சீண்டவே இல்லை. முழு வரியையும் படிக்காமல் ஓர் எழுத்தில் கை வைக்காதே என்று அச்சகத்தில் புதிதாகச் சேருகிறவர்களின் காது புளிக்கச் சொல்கிறவர் அவர். இங்கே காவலுக்கு வந்தவனைக் கொன்றுவிட்டு, திருடனுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் வர நான்கே வாரம்.

மாலைவரை பொறுக்க முடியவில்லை. அப்போதே போன் போட்டு, பொய் சொன்னது உட்பட எல்லாவற்றையும் கொட்டினார்.  மறுமுனையில் இருமலோடு சிரிப்பு வந்தது.

"முள்ளு முள்ளா இருக்குமே, அது பொறிவண்டோட குட்டிங்க. வளந்தா சிவப்பா அழகா இருக்கும்."

"மூஞ்சி அப்படித் தெரியலையே."

"உங்க சின்ன வயசு போட்டோவப் பாத்தா நீங்கன்னு யாராவது சொல்வாங்களா? சரி, எத்தனை மிச்சம்?"

"ஏழு."

"போதும். கை வைக்காம சும்மா இருங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நானும் பொய்தான் சொன்னேன். பத்து நாளா தண்ணியத் தவிர எதுவும் உள்ள தங்கல. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்."

 "இனிமே உள்ளத உள்ளபடி சொல்லிக்கலாம்," என்று மட்டும் அவர் சொன்னார்.

சும்மா இருப்பதைப்போலக் கஷ்டமான வேலையை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் கொடியைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். இன்றைக்கு ஒரு நுனி நிமிர்ந்தது. இன்றைக்கு ஒரு பூ. அவளும் சொன்னாள்: இன்றைக்கு முடியவில்லை. இன்றைக்கு அரை டம்ளர் பால் தங்கியது.

அவள் ஊர் திரும்பிய அன்று, துணி சுற்றிய தலையோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் வந்தாள். பாதி இலை இன்னும் சுருண்டுதான் கிடந்தது. காய், தேடினால் பதினொன்று.  அவள் ஒவ்வொன்றாகப் பறித்து அவர் கையில் வைத்தாள்.

"சீக்கிரம் சமைங்க," என்றாள். "பசிக்குது."