வடக்கே தலைவைத்த தொட்டி

நான் பத்தாவதோடு நின்றவள். விருந்துக்குப் போன இடத்தில் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு, தாகத்தோடு வீடு திரும்புகிறவள். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். அதுவும் எழுதப்போவது ஒரு குளியலறையைப் பற்றி. அதற்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஜவுளிக்கடை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எங்கள் பழைய குளியலறையின் கடப்பைக் கல்லில் வழுக்கி அம்மா மல்லாக்க விழுந்தாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருந்துவிட்டு, படுத்தபடியே வீட்டுக்கு வந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டு மாமி மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று எங்களைத் துரத்தினார்கள். துரத்தினால் பார்க்காமல் போகிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? மறைப்பாகக் கட்டியிருந்த துணியின் இடுக்கு வழியாக நான் பார்த்துவிட்டேன். நீளப் பலகையில் மாமியின் உடலைக் கிடத்தி, இரண்டு பக்கமும் பெண்கள் நின்று தண்ணீர் ஊற்றினார்கள். கற்பூர வாசனை எங்கள் வாசல் வரை வந்தது. அதன் பிறகு பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அத்தா குளியலறையை இடித்துக் கட்ட ஆரம்பித்தார். அம்மா தினமும் இடுப்பளவு வெந்நீரில் இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அத்தா சேலம் போய்க் குழாய்கள் பார்த்துவிட்டு வந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெரியம்மாவிடம் ஒப்பித்தார். எல்லாக் குழாயும் பளபளவென்றுதான் இருந்ததாம். அத்தா கடைக்காரரிடம் சோப்பு கேட்டு, வழுக்குகிற கையால் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, வழுக்காத ஒன்றை எடுத்தாராம். துணி வாங்க வருகிறவர்கள் கசக்கிப் பார்ப்பதுபோல என்று நினைக்கிறேன். தொட்டி எடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்தும் பார்த்திருக்கிறார்.

"கடைல அவ்ளோ பேரு பாக்க பாக்கவா?" என்று பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"படுத்து பாக்காம எப்டி வாங்கறது? முதுவு ஒறுத்துச்சுன்னா?"

தொட்டி லாரியில் வந்தது. எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது. கீறல் விழக் கூடாது என்று அத்தா கடையிலிருந்து வெள்ளை மல் துணி கொண்டுபோய் அதைச் சுற்றினார். நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். தொழுதுவிட்டு வந்த ஒரு பெரியவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேகமாக வந்து ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கேட்டார்.

"யாருப்பா மவுத்து?"

"மவுத்து இல்ல பாய். குளிக்கிற டப்பு."

"டப்பா! அட பாவிங்களா, நான் கலிமா சொல்லிக்கினு வரேன்டா!"

தெருவே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. மவுத்தானவரைத் தூக்கிப்போகிற சந்தூக்கு ஒரு வீட்டுக்குள் வந்தால் ஒருவரை எடுத்துக்கொண்டுதான் வெளியே போகும். எதிர்வீட்டில் அப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டில் படுத்திருந்தது அம்மா ஒருத்திதான்.

குழாய் வேலைக்குச் சின்னசேலத்துக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளிமலையில் பாதி வேலையை விட்டுவிட்டு ஜீப்பில் இறங்கி வந்ததை நாளுக்கு இரண்டு முறை சொல்லிக்காட்டுவார். தண்ணீர்க் குழாய் மேற்குச் சுவரில் இருந்தது. தொட்டியையும் கிழக்கு மேற்காகப் போட்டால் சுலபம் என்றார் அவர்.

"கூடாதுப்பா. காலு மேக்க போவும்" என்றார் அத்தா. மேற்கே கிப்லா, நாங்கள் தொழுகிற திசை. அந்தப் பக்கம் கால் நீட்டுவதில்லை.

"அப்ப தெக்கால செவுத்துக்கு பைப்ப இழுக்கணும். தல வடக்க வந்துரும் பாய். எங்காளுங்க வடக்க தல வெச்சு படுக்கவே மாட்டாங்க."

"பரவால்ல. செவுத்தோட ஒட்டாத. ரெண்டு பக்கமும் ஆளு நிக்க எடம் வுடு."

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கபர்ஸ்தானில் அடக்கமானவர்கள் எல்லோருக்கும் வடக்கேதான் தலை. இரண்டு பக்கமும் ஆள் நிற்பது எதற்கு என்பதையும் நான் கண்ணால் பார்த்திருந்தேன். அத்தாவிடம் கேட்கப் பயம். அத்தா வெளியே போனதும் குழாய்க்காரரிடம் கேட்டேன்.

"இது யாருக்குண்ணா?"

"ஒங்கம்மாக்குதான்."

"அம்மாவ இதுல படுக்க வெச்சு குளிப்பாட்டுவாங்களா?"

"பின்ன, படுக்க வெச்சு பரோட்டாவா போடுவாங்க? தள்ளு பாப்பா, சிமெண்ட் மேல படும்."

அதற்குமேல் எனக்கு யாரிடமும் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் அம்மாவின் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா கண்ணை மூடினால் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு சுடும். கையை எடுத்த உடனே மறுபடி சந்தேகம் வந்துவிடும். உள்ளே டைல்ஸ் வெட்டுகிற சத்தம் நின்றால் எனக்கு வியர்க்கும். வேலை முடிகிற நாள்தான் அம்மா முடிகிற நாள் என்று நினைத்திருந்தேன்.

வேலை முடிந்தது. அம்மாவைக் கொண்டுவந்து காட்டலாம் என்றார் அத்தா. தலையில் முக்காடு போட்டு, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அத்தாவும் பெரியம்மாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழாய்க்காரர் வெந்நீர்க் குழாயைத் திறந்து காட்டினார். தொட்டியில் தண்ணீர் ஏறியது. நாற்காலி வாசல்படியைத் தாண்டியபோது நான் பாவாடை சட்டையோடு தொட்டிக்குள் குதித்தேன். வடக்கே தலைவைத்து நீட்டிப் படுத்துக்கொண்டேன்.

"நான் படுத்துக்கறேன்! அம்மாவ வெக்காதீங்க! மையத்து மாதிரி ஊத்தாதீங்க!"

அத்தா நாற்காலியை அப்படியே கீழே இறக்கினார். பெரியம்மா "யா அல்லா" என்றார். அம்மாதான் முதலில் பேசினாள். விழுந்த நாளிலிருந்து சிரிக்காதவள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பேசினாள்.

"அடிப் பைத்தியமே! நான் உசிரோட குளிக்கிறதுக்குடி இது. எனக்கு வாங்கனதுல நீ இன்னாத்துக்கு மொதல்ல படுத்துக்கினு கீற? தண்ணி சூடா கீதா, அத சொல்லு."

"சூடா கீது" என்றேன் அழுதுகொண்டே.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை. கையில் பிடிக்கிற ஷவரை எடுத்துச் சுவரிலெல்லாம் பீய்ச்சினேன். யாரும் திட்டவில்லை.

அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு அண்ணாந்து, டைல்ஸ் ஒட்டிய சுவரை உச்சி வரை பார்த்தாள்.

"மேல ஷவரு எங்க?"

"பாய் வேணாம்னுட்டாருக்கா" என்றார் குழாய்க்காரர். "கைல புடிக்கிறது ஒண்ணே போதும்னாரு. மேல போற பைப்ப அடச்சி டைல்ஸ் ஒட்டிட்டேன்."

அம்மா அத்தாவைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் எழுந்து நின்னு குளிக்க மாட்டனா?"

அத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த குழாயைத் துடைக்க ஆரம்பித்தார். பெரியம்மா என்னைப் பார்த்து, "எழுந்து வாடி, சளி புடிக்கும்" என்றார். அம்மா கட்டிலுக்கே போகிறேன் என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் கொடுத்த டீயைத் தொடவில்லை.

எனக்கு அம்மாமேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. உயிரே போகவில்லை, இவ்வளவு பெரிய தொட்டி வந்திருக்கிறது, ஒரு ஷவர் இல்லை என்பதற்காக யாராவது இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா என்று நினைத்தேன். எனக்கு இருந்த ஒரே பயம் போய்விட்டிருந்தது. அம்மாவுக்கு அன்றுதான் ஒன்று தெரிந்தது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் அத்தா கடை திறக்கவில்லை. காலை பஸ்ஸில் சேலம் போய், மாலையில் ஒரு ஷவரோடு திரும்பினார். குழாய்க்காரர் முனகிக்கொண்டே இரண்டு டைல்ஸை உடைத்து, ஆள் உயரத்துக்கு மேலே அதை மாட்டிவிட்டு வெள்ளிமலைக்குப் போனார்.