கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கு மேலே

புதுச்சேரி சாரம் பகுதியில் வெற்றிச்செல்வனைச் சொல்தா என்றால்தான் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மகன் பிரான்சில் விடுமுறை நாட்களில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்தும் அதை விடவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து வாடகை விமானத்தில் கிளம்புவார். கடலோரமாகத் தெற்கே போய், கொள்ளிடம் கடலில் சேருமிடத்திலுள்ள மணல் தீவைச் சுற்றிவிட்டு, இறங்காமலே திரும்புவார்.

"அப்படி என்னதான் இருக்குது அங்க?" என்பார் மனைவி சுலோசனா.

"ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் போறேன்."

அவர்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவள் வைத்திக்குப்பம் தாமரைச்செல்வி. ஐப்பசிப் புயலில் அவள் கணவன் பலராமன் போன படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன இரண்டு பேர் உடல்களும் கரை ஒதுங்கின. பலராமன் மட்டும் கிடைக்கவில்லை. தேடப் போனவர்கள் கைவிட்டுத் திரும்பிய பிறகு ஒருநாள், கூடையில்லாமல் வாசலில் வந்து நின்றாள்.

"தண்ணி தெக்கதான் இழுக்குதாம்ண்ணே. நீ சுத்திட்டு வர்ற அந்தத் தீவுல ஒதுங்கியிருப்பாரு. மேலருந்து பாத்தா ஆளு தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அனுமதி வாங்கி அவளை அழைத்துப் போனார்.

விமானம் எழும்பியபோது கண்ணை மூடிக்கொண்டவள், கடலூர் தாண்டியதும் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டாள். படகைக் கண்டபோதெல்லாம், "அதோ, அதோ!" என்றாள். அவர் தாழ இறக்கினார். படகிலிருந்தவர்கள் கையாட்டினார்கள். எவனும் பலராமனில்லை.

தீவில் சவுக்கு மரங்கள், சில கூரைகள், காயும் வலைகள். கடல்பக்க மணலில் ஆளே இல்லை. மறுபடி மறுபடி சுற்றினார். பிறகு, அவள் கேட்காமலே, விமானத்தைக் கிழக்கே நடுக்கடலை நோக்கித் திருப்பினார். கரை கோடாகத் தேய்ந்தது. எங்கும் தண்ணீர். பிறந்ததிலிருந்து அவள் பார்த்துவந்த கடல்தான்.

"இவ்ளோ பெருசாண்ணே?" என்றாள்.

அவர் விமானத்தை நேரே ஓட்டினார்.

"திருப்புண்ணே. புள்ளைங்க தனியா இருக்கும்."

அந்த வாரமே குப்பத்துக் கடற்கரையில் காரியம் நடந்தது. உடல் இல்லாததால் படத்தை வைத்துச் செய்தார்கள். வெற்றிச்செல்வனும் சுலோசனாவும் ஓரமாக நின்றார்கள். பலராமனின் தாய் குஞ்சம்மாள் மண்ணில் புரண்டு மருமகளை ஏசினாள்.

"ப்ளேன்ல ஏறிப் போயி எம்புள்ளய சாவடிச்சுட்டு வந்துட்டாளே! நான் பாட்டுக்கு வருவான் வருவான்னு இருந்தனே!"

தாமரைச்செல்வி தலை நிமிரவில்லை. கிழவியின் கண் தன் பக்கம் திரும்பியபோது வெற்றிச்செல்வனுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பிறகு தாமரைச்செல்வி மீன் விற்பதை விட்டுவிட்டாள். காலாப்பட்டில் ஒரு விடுதிச் சமையல்கட்டில் வேலை கிடைத்து, பிள்ளைகளோடு அங்கேயே போய்விட்டாள்.

மாசியில் வெற்றிச்செல்வன் இன்னொரு முறை பறந்தார். கடல் அலையில்லாமல் விரிந்து கிடந்தது. பாதி வழியில்தான் கவனித்தார்: வானத்தையோ கரையையோ அவர் பார்க்கவே இல்லை, தண்ணீரைத்தான் துழாவிக்கொண்டிருந்தார். தீவு வருமுன்பே திரும்பிவிட்டார்.

விமானம் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. அவர் போகவில்லை.

"ஏன்?" என்று கேட்டார் சுலோசனா.

"கண்ணு முன்ன மாதிரி இல்ல."

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லையென்று சுலோசனாவுக்குத் தெரியும்.